கொடைவாப் பெருமாட்டியார்

கொடைவா என்னும் பெயரைக் கேட்ட அளவில், ஆங்கிலம் கற்ற நம் பழைய மாணவருட் பலருக்கு நினைவில் எழுவது ஒரு காட்சியேயாம். ஆடை களைந்து, அவிழ்ந்த கூந்தலையே போர்வையாகக் கொண்டு, ஒரு பெருமாட்டி குதிரை மீது ஊர் நடுவே செல்கின்றார். இதனை ஓவியர் பலர் தீட்டினர், சிற்பியர் வடித்தனர், பிரசெல்ஸ் நகரத்திலே தோன்றிய சொக்கலேற் ஒன்றும் அவர் பெயரைச் சூடிக்கொண்டு உலகெங்கும் விலையாகின்றது. தெனிசன் என்னும் ஆங்கிலப் புலவரின் பாட்டு வாயிலாக அக்காட்சி நம் பள்ளிக்கூடங்களுள்ளும் புகுந்தது. இளைஞர் நகைப்பர் என்றஞ்சி அப்பாட்டை விரைந்து கடந்துவிடும் ஆசிரியரும் உளர். நாம் அங்ஙனம் கடக்க விரும்பவில்லை. அக்குதிரை எதற்காகப் புறப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், வரி என்று விடை வருகின்றது. வரிக் கொடுமையை அறியாத ஊரன்று நம் கண்டி மாநகரம்.

அப்பெருமாட்டியார் வாழ்ந்தது 11ஆம் நூற்றாண்டு. நூற்றாண்டின் எண்ணைச் சொன்னால் மட்டும் ஒரு காலம் கண்முன் வந்து நிற்பதில்லை. ஆதலின் நம்மவர்க்குத் தெரிந்த பெயர்களைக் கொண்டு சொல்வோம். முதலாம் இராசேந்திர சோழன் 1014 முதல் 1044 வரை அரசாண்டான். அவன் படையினர் 1017 அளவில் ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டு சென்றனர். பொலன்னறுவை சோழர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஏறக்குறைய அதே வேளையில், 1016இல், டென்மார்க்கு நாட்டிலிருந்து வந்த கனூட் என்பவன் இங்கிலாந்தை வென்று முடிசூடினான். விசயபாகு 1070இல் பொலன்னறுவையை மீட்டதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இங்கிலாந்து மறுபடியும் பிறர் கைப்பட்டது. இம்முறை வென்றவர் நோர்மானியர். ஒன்றையொன்று கண்டும் கேட்டும் அறியாத இரண்டு தீவுகள், ஒரே காலத்தில் கடல் கடந்து வந்தோர்க்குத் திறை செலுத்திக்கொண்டிருந்தன. கொடைவாவின் வாழ்வு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கியது.

அவருடைய இயற்பெயர் பழைய ஆங்கிலத்தில் காட்கிவு என்பது. கடவுளின் கொடை என்பது அதன் பொருளாம். இலத்தீன் மொழியில் எழுதிய துறவியர் அதனைக் கொடைவா ஆக்கினர். தமிழில் எழுதுங்கால் கொடை என்னும் சொல் தானாகவே அப்பெயருள் வந்து அமர்ந்துவிடுகின்றது. இரு மொழிக்கும் இதில் உறவு எதுவும் இல்லை, தற்செயலாக நேர்ந்ததுதான். எனினும் தமிழாசிரியராகிய நமக்கு இதனைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை.

அவர் கணவர் லியோபிரிக். இங்கிலாந்தின் நடுப்பகுதியாகிய மேர்சியாவுக்குக் கனூட் மன்னன் காலத்தில் பிரபுவாகி, அவனுக்குப் பின் வந்த மன்னர் மூவர் காலத்தும் அப்பதவியிலேயே நிலைத்தவர். கண்டியரசில் மகாதிசாவைமார் எத்தகைய அதிகாரம் படைத்திருந்தனர் என்பதை அறிந்தவர்க்கு லியோபிரிக்கின் நிலை எளிதில் விளங்கும். தம் பகுதியில் நீதி வழங்குதல், படை திரட்டுதல், அரசிறை தண்டுதல் ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்தன. அக்காலத்து இங்கிலாந்தில் அரசனுக்கு அடுத்த வலிமையுடைய பிரபுமார் மூவர் எனின், அம்மூவருள் அவர் ஒருவர்.

கணவனும் மனைவியும் சமயப் பற்று மிக்கவர்கள். கொவென்ட்ரி என்னும் ஊரில் முன்னர் ஒசுபெர்க்கா என்ற துறவுப் பெண்ணின் மடம் இருந்தது. 1016ஆம் ஆண்டுப் போரில் அது அழிந்தது என்பர். அவ்வூரிலே 1043இல் இருவரும் ஒரு பெரிய துறவியர் மடத்தை நிறுவினர். கொடைவா தம்மிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் பொற்கொல்லரிடம் கொடுத்து உருக்குவித்து, சிலுவைகளும் திருவுருவங்களுமாகச் செய்வித்து அம்மடத்துக்கு வழங்கினார். அக்காலத்து இங்கிலாந்தில் அதனைப்போல் பொன்னும் மணியும் நிறைந்த மடம் வேறில்லை என்று பின்வந்தோர் வியந்து எழுதினர். தஞ்சைப் பெருங்கோயிலுக்கு இராசராசனின் தமக்கை குந்தவையார் அளித்த பொற்படிமங்களும் அணிகலன்களும் கோயிற் சுவரிலே எடையோடு வெட்டப்பட்டிருத்தலை நம்மவர் அறிவர். ஒரே நூற்றாண்டில் உலகின் இரு மூலைகளில் இரு பெருமாட்டிகள் தம் பொன்னைக் கோயிலுக்கு ஈந்திருக்கின்றனர். தஞ்சையிலே கல் பேசுகின்றது. கொவென்ட்ரியிலோ துறவியரின் ஏடுகளே பேசுகின்றன.

இனி வரியின் கதைக்கு வருவோம். இங்கிலாந்து மன்னர் 1012 முதல் படைவரி என ஒன்றை ஆண்டுதோறும் தண்டி வந்தனர். கூலிக்கு அமர்த்திய டேனியக் கப்பற்படைக்குச் சம்பளம் கொடுப்பதற்கு அவ்வரி. கனூட்டின் மகன் ஹார்தக்னூட் 1040இல் அரசனானதும் அதனை மிகவும் உயர்த்தினான். மறு ஆண்டு வூஸ்டர் நகரத்தில் வரி தண்டச் சென்ற அரச சேவகர் இருவரை மக்கள் துரத்தினர். அவர்கள் பெருங்கோயிலின் கோபுரத்துள் ஒளிந்தும் தப்பவில்லை, அங்கேயே கொல்லப்பட்டனர். சினங்கொண்ட மன்னன் பிரபுமார் எல்லோரையும் படையோடு அனுப்பி, நகரத்தைக் கொளுத்தவும் நாட்டைப் பாழாக்கவும் ஆணையிட்டான். நகர மக்களிற் பெரும்பாலோர் செவேர்ன் ஆற்றின் நடுவேயுள்ள ஒரு சிறு திட்டில் அரண் செய்துகொண்டு தம்மைக் காத்தனர். நான்கு நாள் சூறையாடியபின் ஐந்தாம் நாள் படை வூஸ்டரை எரியூட்டித் திரும்பியது.

அப்படையை நடத்திச் சென்ற பிரபுமாருள் லியோபிரிக்கும் ஒருவர். வூஸ்டரோ அவருடைய மேர்சியாவைச் சேர்ந்த நகரம். தம் குடிகளின் ஊரைத் தாமே எரிக்க நேர்ந்தது அவர்க்கு. கொவென்ட்ரி மடம் எழுந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர். எரிந்த அதே வூஸ்டர்க் கோயிலுக்கும் இக்கணவனும் மனைவியும் நிலங்கள் ஈந்துள்ளனர். இவை கழுவாயாகச் செய்யப்பட்டனவா என்று எந்த ஏடும் கூறவில்லை, நாமும் கூறப்போவதில்லை. ஆயினும் குதிரைக் கதையைப் படிக்கும்போது வூஸ்டரின் புகையையும் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. வரி வேண்டாம் என்று லியோபிரிக்கின் மனைவி வாதாடினார் என்று கதை சொல்லும்போது, வரிக்காக ஊரை எரித்த ஒருவரோடு அவர் வாதாடினார் என்றே நாம் கொள்ளவேண்டும்.

அக்கதையை முதன்முதல் எழுதி வைத்தவர் புனித ஆல்பன் மடத்துத் துறவியாகிய ரொஜர் வென்டோவர். அவர் 1236இல் இறந்தார். அஃதாவது, கொடைவாவுக்கும் இக்கதையின் முதல் ஏட்டுக்கும் இடையே ஏறக்குறைய 170 ஆண்டுகள் கிடக்கின்றன. அவர் கூறும் வரலாறு பின்வருமாறு: கொவென்ட்ரி மக்கள் கொடிய சுங்கத்தால் நலிவதைக் கண்டு கொடைவா மனம் இரங்கினார். ஊரை அச்சுமையினின்றும் விடுவிக்குமாறு கணவனைப் பலமுறை வேண்டினார். தமக்கு இழப்பு விளைக்கும் பேச்சை இனி எடுக்கலாகாது என்று லியோபிரிக் கடிந்தார். பெருமாட்டி விடவில்லை, மேலும் மேலும் வற்புறுத்தினார். வாயை அடைக்க எண்ணிய பிரபு, ஊரார் கூடியிருக்கும் வேளையில் அங்காடியின் ஒருகோடி தொடங்கி மறுகோடி வரை ஆடையின்றிக் குதிரையேறிச் செல். திரும்பி வந்ததும் கேட்டதைத் தருவேன் என்றார். எந்தக் குலமகளும் அதற்கு உடன்படாள் என்பது அவர் நினைப்பு. கொடைவா ஒன்றே ஒன்று கேட்டார். அங்ஙனம் செய்ய எனக்கு இசைவு தருகின்றீரா என்பது. தருகின்றேன் என்றார் பிரபு. பெருமாட்டி தம் பின்னலை அவிழ்த்து, கால்கள் ஒழிய உடல் முழுவதும் கூந்தலால் மறையும்படி செய்துகொண்டு, இரு வீரர் உடன்வர அங்காடியைக் கடந்தார். எவர் கண்ணும் அவரைக் காணவில்லை. மகிழ்வோடு மீண்ட மனைவியைக் கண்டு வியந்த பிரபு, ஊரைச் சுங்கத்தினின்றும் விடுவித்துப் பட்டயம் எழுதிக் கொடுத்தார்.

இங்கே சற்று நிற்போம். மேல்நாட்டார் இக்கதையிலே ஆடையைப் பார்த்தனர். தமிழ் கற்றவர் கண் கூந்தலிலே செல்லும். கூந்தலை விரித்த பெண்ணைக் கண்டால் நம் இலக்கியத்தில் மன்னர் நடுங்குவர். அவையில் இழிவுபட்ட பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்காமலே இருந்தாள் என்று நம் நாட்டுக் கூத்துகள் காட்டுகின்றன. விரித்த கூந்தலோடு மதுரை வீதியிலே சென்ற கண்ணகியைக் கண்டு பாண்டியன் அரசுகட்டிலிலே உயிர்விட்டான். கண்ணகியின் கூந்தல் சினத்தின் கொடி. கொடைவாவின் கூந்தலோ மானத்தின் ஆடை. இவ்வேற்றுமையோடு மற்றொன்றும் உண்டு. கண்ணகி நீதி கேட்டது தன் கணவனுக்காக. நீதி கேட்கப்பட்டவனோ அயலானாகிய அரசன். கொடைவா கேட்டது அயலாராகிய ஊர்மக்களுக்காக. கேட்கப்பட்டவரோ தம் கணவர். எது அரிது என்று மாணவர் பட்டிமண்டபம் வைத்து வாதிடலாம். அரசனை எதிர்ப்பதற்கு ஒரு நாள் துணிவு போதும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவனை நாள்தோறும் எதிர்ப்பது வேறுவகைத் துணிவு என்பது மட்டும் நமக்குத் தோன்றுகின்றது.

கண்டியில் இருப்பவர்க்கு இவ்வொப்புமை இன்னும் நெருங்கியது. தலதா மாளிகைக்கு அண்மையிலே பத்தினி தேவாலயம் இருக்கின்றது. கயவாகு மன்னன் சேரநாட்டிலே கண்ணகி விழாவைக் கண்டு, அவ்வழிபாட்டை இத்தீவுக்குக் கொணர்ந்தான் என்பது மரபு. ஆண்டுதோறும் எசல பெரகராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பின் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் வருகின்றது. முன்னொரு காலத்தில் நீதிக்காக வீதியிலே தனியே சென்றவள், இன்று யானையும் தீவட்டியும் சூழ வீதியிலே வருகின்றாள். கொவென்ட்ரியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே நடைபெற்ற பெருஞ்சந்தை விழாவின் ஊர்வலத்தில் 1678 முதல் கொடைவாவின் வேடம் தாங்கி ஒருவர் குதிரையிலே சென்றனர். விழாக் கொண்டாடுவதற்கு முதலில் ஒருவர் வீதியிலே வெட்கத்தையும் வேதனையையும் சுமந்து நடந்திருக்க வேண்டும்போலும்.

காலம் செல்லச் செல்லக் கதையும் வளர்ந்தது. பட்டயத்தில் குதிரைச் சுங்கம் மட்டும் நீக்கப்படவில்லை என்று 14ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதினார். பெருமாட்டியைச் சுமந்து சென்ற குதிரையின் இனத்துக்கு மட்டும் விலக்குக் கிடைக்கவில்லை என்பது படிப்போர்க்கு நகைப்பை ஊட்டும். ஆனால் அந்நகைப்புள் ஓர் உண்மை மறைந்திருக்கலாம். அக்காலத்துக் கொவென்ட்ரியில் குதிரைக்கு மட்டும் சுங்கம் இருந்திருக்க, அதற்குக் காரணம் காட்டவே இத்துணுக்கு எழுந்திருத்தல் கூடும். 16ஆம் நூற்றாண்டில் எழுதியோர், கொடைவா புறப்படுமுன் ஊரார் அனைவரும் வீட்டினுள் இருந்து கதவும் பலகணியும் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளை பிறந்ததாகச் சேர்த்தனர். 17ஆம் நூற்றாண்டிலே ஒளிந்து பார்த்த ஒருவன் நுழைந்தான். தொம் என்னும் தையற்காரன் பலகணியின் சிறு துளை வழியே நோக்கினானாம். அவன் கண்கள் குருடாயினவாம். ஒளிந்து பார்ப்போர்க்கு ஆங்கிலத்தில் இன்றும் அவன் பெயரே வழங்குகின்றது.

இச்சேர்க்கை நமக்கு உவப்பாயில்லை. கதவடைத்த ஊராரைப் பற்றிய பகுதி அழகியது. தமக்காக மானத்தைப் பணயம் வைத்தவர்க்கு ஏழைகளால் திருப்பிக் கொடுக்கக்கூடியது அந்த ஒரு மரியாதைதான். தொம்மின் கதை வேறுவகையது. ஒடுக்கியவர் ஒரு பிரபு, ஒடுக்கப்பட்டவர் ஊர்மக்கள். அத்தனை மக்களிலும் கதை ஒருவனுக்கே பெயர் கொடுத்தது. அவனும் ஒரு தொழிலாளி, அப்பெயரும் இழிபெயர். நிபந்தனை விதித்த பிரபுவின் கண்கள் குருடானதாக எவரும் எழுதவில்லை.

இக்கதை மெய்தானா என்னும் வினாவுக்கு அறிஞர் பெரும்பாலும் இல்லை என்றே விடை கூறுவர். நோர்மானிய மன்னன் வில்லியம் 1086இல் நாடு முழுவதையும் அளந்து எழுதுவித்த டூம்ஸ்டே ஏடு இதற்குத் துணையாகின்றது. கொவென்ட்ரி அந்த ஏட்டில் பெருநகரமாக இல்லை. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர் 50 பேர், சிறுகுடியானவர் 12 பேர், அடிமைகள் 7 பேர், ஆக 69 குடும்பத் தலைவர், ஓர் ஆலை, ஒரு காடு, இவ்வளவே. அங்காடியைப் பற்றிய பேச்சே இல்லை. அங்காடியில்லாத ஊரில் அங்காடிச் சுங்கம் எங்ஙனம் இருக்கும்? இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அவ்வூர் லியோபிரிக்குக்கு அன்றி, கொடைவாவுக்கே உரியது என்று ஏடு கூறுகின்றது. அக்காலத்து ஆங்கில நாட்டுச் சட்டப்படி பெண்கள் தம் பெயரிலே நிலம் வைத்திருக்க முடிந்தது. ஆகவே ஊரில் யாதேனும் வரி இருந்தால், அதை நீக்கும் உரிமை கொடைவாவின் கையிலேயே இருந்தது. அரசனுக்குரிய படைவரியை நீக்கும் உரிமையோ கணவன் மனைவி இருவர்க்குமே இல்லை. அதனை எட்வர்ட் மன்னன்தான் 1051இல் நிறுத்தினான்.

ஆயின் கதை எப்படி எழுந்தது? 13ஆம் நூற்றாண்டளவில் கொவென்ட்ரி வளர்ந்து வணிக நகரமாகிவிட்டது. ஊரின் ஒரு பாதியைச் செஸ்டர் பிரபுமாரும் மறுபாதியை மடத்துத் தலைவரும் உரிமை கொண்டாடினர். இரண்டு எசமானர்க்கு நடுவே வாழ்ந்த வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் தங்கள் சுங்க விலக்கு பழமையானது, விலைகொடுத்துப் பெறப்பட்டது, எவராலும் பறிக்க முடியாதது என்று காட்டவேண்டிய தேவை இருந்தது. ஊரிலுள்ள திரித்துவக் கோயிலின் கண்ணாடிப் பலகணி ஒன்றில் லியோபிரிக் சுங்க விலக்குப் பட்டயத்தைக் கையில் ஏந்தி, கொடைவாவின் அன்பிற்காக அதனை வழங்குவதாகத் தீட்டியிருந்தனர். நாள்தோறும் கோயிலுக்கு வருவோர் அதனைக் காண்பர். வரி கேட்க வருவோரும் காண்பர். ஏழைகளின் ஆவணம் பெரும்பாலும் கதையாகவே இருக்கின்றது. இது நம் ஊகம். ஆயினும் அப்பலகணியை நினைக்குந்தோறும் இவ்வூகம் வலுப்பெறுகின்றது.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது. கதை முழுவதிலும் ஊர்மக்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்களுக்காக இரங்குபவர் ஒருவர், வாதாடுபவர் ஒருவர், துன்புறுபவரும் அவரே. கலப்பை பிடித்த அறுபத்தொன்பது பேரும் பிரபுவின் வாயிலிலே சென்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வூஸ்டர் அதற்கு விடை சொல்லிவிட்டது. தாமாக எழுந்தவர்க்குத் தீ கிடைத்தது. பெருமாட்டி பரிந்து பேசியவர்க்குப் பட்டயம் கிடைத்தது. அத்தகைய உலகத்திலே மக்கள் தங்கள் விடுதலையை ஒரு பெருமாட்டியின் கையிலிருந்து பெற்றதாகக் கனவு கண்டது வியப்பன்று.

தெனிசனின் பாட்டு 1842இல் நூலுருப் பெற்றது. குடிகளின் வரிச்சுமையைத் தாங்கமாட்டாத அந்தப் பெருமாட்டியை ஆங்கில மக்கள் படித்துப் போற்றினர். ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1848இல் இலங்கையின் தேசாதிபதி டொரிங்டன் பிரபு நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று விதித்தார். பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று ஷில்லிங் கட்டுதல் வேண்டும் என்னும் சட்டமும் வந்தது. தெருக்கள் தேவைப்பட்டது கோப்பித் தோட்டங்களுக்கு. இராசகாரிய ஊழியம் ஒழிந்து பதினைந்தாண்டு அளவே ஆகியிருந்த கண்டி நாட்டு மக்களுக்கு, அது வேறு பெயரில் திரும்பி வந்ததாகவே தோன்றியது. அவ்வாண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் கண்டிக் கச்சேரி முன்னிலையில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு முறையிட்டனர். எந்தப் பெருமாட்டியும் அவர்கட்கு முன்னே செல்லவில்லை; அவர்கள் தாமாகவே வந்தனர். மாத்தளையிலே கலகம் மூண்டது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டப்பட்டான். படைச்சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடை தரித்த பிக்கு ஒருவரும் சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். இலண்டன் நகரத்துப் பாராளுமன்றத்திலே கேள்வி எழுந்தபின், 1850இல் டொரிங்டன் பிரபு பதவியினின்றும் திரும்பி அழைக்கப்பட்டார்.

போகம்பரை வழியாகப் பள்ளிக்கு நடந்து வந்த மாணவர் நம்முள் பலர். கொடைவாவின் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டே அவ்வழியைக் கடந்தவரும் இருப்பர். இரண்டையும் ஒருங்கே வைத்து நினைக்க நமக்கு அந்நாளில் எவரும் கற்பிக்கவில்லை. தம் நாட்டின் எண்ணூறாண்டுப் பழைய வரிக்குக் கண்ணீர் விட்டவர், தம் கண்முன் விதிக்கப்பட்ட வரியைக் காணாதிருந்தது எங்ஙனம் என்பதை இன்றைய மாணவரேனும் ஆராய்வாராக.

பெருமாட்டியின் இறுதிக் காலம் இன்பமாக இருக்கவில்லை. லியோபிரிக் 1057இல் இறந்து கொவென்ட்ரி மடத்துக் கோயிலிலே அடக்கம் பெற்றார். மகன் அல்ப்கார் இருமுறை நாடு கடத்தப்பட்டு இருமுறையும் மீண்டவன். தாய் உயிரோடிருக்கும்போதே அவனும் மறைந்தான். பேர்த்தி ஒருத்தி வேல்ஸ் நாட்டு மன்னனை மணந்து கைம்பெண்ணாகிப் பின் இங்கிலாந்து மன்னன் ஹரல்டை மணந்தாள். 1066 அக்டோபர் 14இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்திலே ஹரல்ட் வீழ்ந்தான். அவள் இரண்டாம் முறையும் கைம்பெண்ணானாள். பேரர் எட்வினும் மோர்க்காரும் அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே வடக்கே ஒரு போரில் தோற்றிருந்தனர். பின்னர் ஒருவன் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டான், மற்றவன் சிறைப்பட்டான். நாடு முழுவதும் ஆங்கிலப் பிரபுமாரின் நிலங்கள் நோர்மானியர் கைக்கு மாறின. கொடைவா அம்மாற்றத்தின் தொடக்கத்தைக் கண்டார். 1067 அளவில் அவர் இறந்தார் என்பர். அவர் நிலங்களும் மன்னன் கைக்கும் பிறர் கைக்கும் போயின.

மாம்ஸ்பரி மடத்து வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் 1125 அளவில் எழுதிய நூலிலே கொடைவாவின் இறுதி நாளைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. குதிரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருமாட்டியிடம் மணிகள் கோத்த மாலை ஒன்று இருந்ததென்றும், செபம் செய்யும்போது ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணுவது அவர் வழக்கமென்றும், உயிர் பிரியும் வேளையில் அம்மாலையைக் கொவென்ட்ரிக் கோயிலிலுள்ள மரியன்னை திருவுருவத்தின் கழுத்தில் இடும்படி சொல்லிச் சென்றாரென்றும் எழுதியிருக்கின்றார். உருத்திராக்கம் எண்ணிச் செபிக்கும் தாய்மாரைக் கண்டு வளர்ந்த நமக்கு, அங்காடியிற் சென்ற குதிரையினும் அம்மாலை நெருங்கியதாகத் தோன்றுகின்றது.

எட்டாம் ஹென்றி மன்னன் 1539இல் அம்மடத்தைக் கலைத்தான். பெருங்கோயில் இடிக்கப்பட்டது, கற்களை ஊரார் எடுத்துச் சென்று வீடுகள் கட்டினர். மேற்கு வாயிலின் அடிச்சுவர் சிறிது இன்றும் அங்கே நிற்கின்றது.